தில்லி – சான்பிரான்சிஸ்கோ: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

உங்கள் பள்ளியில் ஓர் உலக உருண்டை இருக்கும். பூகோள ஆசிரியரிடம் கேட்டு அதை மேசைமேல் எடுத்து வையுங்கள். ஒரு முழம் நூலும் ஓர் அளவுகோலும் வேண்டும். நூலின் ஒரு முனையைத் தில்லியின்மீது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுமுனையை அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டு சென்று, தொய்வே இல்லாதபடி இழுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்.

முதன்முறை செய்பவர்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. ஏறக்குறைய வடக்கே கிளம்புகிறது! இமயத்தைத் தாண்டி, சீனாவின் மேற்குப் பகுதி வழியாக சைபீரியாவுக்குள் நுழைந்து, ஆர்க்டிக் கடலில் 75½ பாகை வட அட்சரேகை வரை ஏறுகிறது. பிறகு அலாஸ்காவில் இறங்கி, கனடாவின் மேற்குக் கரையோரமாக வந்து சான்பிரான்சிஸ்கோவை அடைகிறது.

இனி சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தைப் பாருங்கள். அதில் பசிபிக் பெருங்கடல் இரண்டாக வெட்டுப்பட்டு இடது ஓரத்தில் பாதியும் வலது ஓரத்தில் பாதியுமாக இருக்கும். அந்த இரு ஓரங்களையும் ஒட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு, தில்லியிலிருந்து கிழக்கே ஒரு நேர்கோடு போடுங்கள். அது சீனாவின் குறுக்கே சென்று, ஜப்பானின் தென்கோடியைத் தொட்டு, பசிபிக் கடலைக் கடந்து சான்பிரான்சிஸ்கோவில் முடியும். பார்க்க இதுவே குறுக்கு வழி போலத் தோன்றும். ஆனால் தட்டைப் படம் நம்மை ஏமாற்றுகிறது. உருண்டையான பூமியின் தோலை உரித்துத் தட்டையாக விரிக்கும்போது வடபகுதிகள் அகலமாக இழுபட்டுப் போகின்றன. அந்த நேர்கோட்டின் உண்மையான நீளம் ஏறத்தாழ 15,000 கி.மீ. நம் நூல் சொல்லும் வழியோ 12,380 கி.மீ. தான்.

இந்த 12,380 எப்படி வந்தது? உங்கள் உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு 94.2 செ.மீ. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஆகவே உருண்டையில் 1 செ.மீ. என்பது பூமியில் சுமார் 425 கி.மீ. நூலை அளந்து பாருங்கள்; 29 செ.மீ.யும் கொஞ்சமும் வரும். பெருக்கினால் விடை கிடைத்துவிடும்.

திரிகோணமிதி படித்தவர்கள் நூல் இல்லாமலேயே கணக்கிடலாம். இரு நகரங்களின் அட்சரேகைகளும் தீர்க்கரேகைகளின் வித்தியாசமும் தெரிந்தால் போதும். தில்லி 28.6 பாகை வடக்கு, சான்பிரான்சிஸ்கோ 37.6 பாகை வடக்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 160.5 பாகை. இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.479 × 0.610 = 0.292. அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனால் பெருக்குங்கள்: 0.878 × 0.792 × (–0.943) = –0.656. இரண்டையும் கூட்டினால் –0.364. இதைக் கொசைனாக உடைய கோணம் 111.3 பாகை. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரு நகரங்களும் இத்தனை பாகை விலகி இருக்கின்றன. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் ஏறத்தாழ 12,380 கி.மீ. இப்படி உருண்டையின்மேல் மிகக் குறுகிய வழியாக அமையும் கோட்டுக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியின் மையத்தின் வழியே ஒரு கத்தியைச் செலுத்தி உருண்டையை இரு சம பாதிகளாக வெட்டினால், வெட்டு விளிம்பில் கிடைப்பதுதான் பெருவட்டம்.

பாடப்புத்தகம் சாதாரணமாக இந்த இடத்தில் நின்றுவிடும். 'விமானங்கள் பெருவட்டப் பாதையில் பறக்கின்றன' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். உண்மையில் நடப்பது அதைவிடச் சுவையானது.

நீளமான வழி முந்திக்கொண்டது

ஏர் இந்தியா நிறுவனம் 2015 டிசம்பரில் தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு எங்கும் நிற்காமல் செல்லும் விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே அமைந்த போயிங் 777-200 எல்.ஆர். என்ற விமானம் அதற்குப் பயன்பட்டது. முதலில் அது மேற்கே, ஐரோப்பாவையும் அட்லாண்டிக் கடலையும் கடந்து சென்றது. அந்த வழி சுமார் 13,900 கி.மீ.; பயணம் ஏறத்தாழ 16 மணி நேரம்.

2016 அக்டோபரில் திசையையே மாற்றிவிட்டார்கள். விமானம் கிழக்கே கிளம்பி, பசிபிக் கடலைக் கடந்து சென்றது. இந்த வழி சுமார் 15,300 கி.மீ. என்றும், பயணம் 14½ மணி நேரத்தில் முடிந்தது என்றும் அப்போது செய்தித்தாள்கள் எழுதின. அதாவது 1,400 கி.மீ. கூடுதலாகப் பறந்த விமானம் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது! சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு விமானத்தில் போனால்கூட 1,400 கி.மீ. வராது. அவ்வளவு தூரத்தைச் சுற்றிக்கொண்டு போனவன் முந்துவதாவது?

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். சுவர்ப் படத்தில் நாம் போட்ட கோட்டைத் தப்பான வழி என்று சற்றுமுன் ஒதுக்கினோம். அது ஏறத்தாழ 15,000 கி.மீ. விமானி தேர்ந்தெடுத்ததோ ஏறக்குறைய அதே வழி!

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 15,300ஐ 14½ ஆல் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ. இந்த விமானம் உயரத்தில் பறக்கும்போது அதன் சொந்த வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. தான். மீதி 155 கி.மீ. எங்கிருந்து வந்தது?

காவிரியில் வெள்ளம் போகும்போது பரிசல்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் துடுப்பு வலிக்கும் வேகம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் நீரோட்டத்தோடு போகும்போது கரையிலுள்ள மரங்கள் சரசரவென்று பின்னே ஓடும்; எதிர்த்து வரும்போது அதே மரங்கள் நகர மறுக்கும். விமானமும் காற்று என்ற ஆற்றில் மிதக்கும் பரிசல்தான். இயந்திரங்கள் தருவது காற்றைப் பொறுத்த வேகம். காற்றே மணிக்கு 155 கி.மீ. வேகத்தில் அதே திசையில் ஓடிக்கொண்டிருந்தால், தரையைப் பொறுத்த வேகம் இரண்டின் கூட்டுத்தொகை. எதிரே வீசினால் கழித்தல். மேற்கு வழிக் கணக்கும் இப்படியே சரியாக வருகிறது. அங்கே சராசரியாக மணிக்கு 24 கி.மீ. எதிர்க்காற்று என்று கொண்டால், 900 – 24 = 876. 13,900ஐ 876 ஆல் வகுத்தால் 15.9 மணி.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கையை உயர்த்தலாம். "ஐயா, விமானம் பறக்கும் உயரத்தில், கடுங்குளிரில், ஒலியின் வேகமே மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. தானே? 1,055 கி.மீ. வேகத்தில் போனால் ஒலித் தடையை நெருங்கிவிடாதா?" நல்ல கேள்வி. நெருங்காது. ஒலி செல்வதும் காற்றில்தான். விமானம் அந்தக் காற்றைப் பொறுத்து இன்னும் 900 கி.மீ. வேகத்தில்தான் போகிறது. 2020 பிப்ரவரியில், அட்லாண்டிக் கடலில் ஒரு பெரும் புயல் வீசியபோது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஜம்போ விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழியில் தரையைப் பொறுத்த அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. உள்ளே இருந்தவர்களுக்கு எந்த வெடியோசையும் கேட்கவில்லை.

பூமி சுழல்வதாலா?

சிலர் வேறு விதமாக விளக்கம் சொல்வார்கள். 'பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அதனால்தான் கிழக்கே போகிறவர்களுக்கு உதவி கிடைக்கிறது' என்பார்கள். இன்னும் சிலர் இதை அப்படியே திருப்பி, 'விமானம் சும்மா மேலே நின்றால் போதுமே, கீழே பூமி சுழன்று அமெரிக்கா தானாக வந்து சேராதா?' என்று கேட்பார்கள். இரண்டுமே தவறு. பூமியின் சுழற்சியால் தில்லி மணிக்குச் சுமார் 1,465 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. தில்லிக்கு மேலுள்ள காற்றும் அதனோடு சேர்ந்தே போகிறது. போகாமல் நின்றுவிட்டால் தில்லியில் எந்நேரமும் 1,465 கி.மீ. வேகப் புயல் அல்லவா வீசும்! ஓடும் ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈ, பெட்டியின் பின்சுவரில் போய் மோதுவதில்லையே.

ஆனாலும் பூமியின் சுழற்சிக்கு இதில் சுற்றுவழியாக ஒரு பங்கு உண்டு. பூமத்திய ரேகையில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. 30 பாகை அட்சரேகையில் சுமார் 1,445 கி.மீ. தான். பூமத்திய ரேகைப் பகுதியில் சூடாகி மேலெழும் காற்று, உயரத்திலேயே துருவத்தை நோக்கி நகர்கிறது. தன் கிழக்கு வேகத்தை அது கைவிடுவதில்லை. ஆகவே வடக்கே போகப் போக, கீழேயுள்ள தரையை அது முந்திக்கொள்கிறது. தரையில் நிற்கும் நமக்கு அது மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்றாகத் தெரிகிறது. இன்னும் வடக்கே, துருவத்தின் குளிர்காற்றும் வெப்பப் பகுதியின் காற்றும் சந்திக்கும் எல்லையிலும் இது போன்ற ஒரு காற்று ஓடுகிறது. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், சில நூறு கி.மீ. அகலத்தில், ஆறு போல வளைந்து வளைந்து செல்லும் இவற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். வெப்பத்துக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் மிகும் குளிர்காலத்தில் இவற்றின் வேகமும் மிகும். ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு.

ஜெட் காற்று எப்போதும் கிழக்கு நோக்கியே ஓடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் தீபகற்பத்துக்கு மேலே, இன்னும் அதிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. அதை விளக்கி 1958ஆம் ஆண்டில் எழுதியவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த கோட்டீஸ்வரம்.

பசிபிக் வழிக்கு உதவும் காற்றை முதலில் அளந்தவரின் கதை சற்று வருத்தமானது. ஜப்பானில் ததேனோ என்ற இடத்து வானாய்வு நிலையத்தில் வசாபுரோ ஒயிஷி என்ற அறிவியலார் 1920களில் சிறு பலூன்களைப் பறக்கவிட்டு, அவை நகரும் விதத்தைத் தொலைநோக்கிக் கருவியால் அளந்தார். ஓரளவு உயரத்துக்கு மேல் சென்றதும் பலூன்கள் கிழக்கே பாய்ந்து ஓடின. உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில், தம் முடிவுகளை 1926இல் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார். எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழி அது. பாவம், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே 1944இன் இறுதியில் ஜப்பான்மீது குண்டு வீசச் சென்ற அமெரிக்க விமானிகள், வானத்தில் இப்படி ஓர் ஆறு ஓடுவதை அறியாமல் திகைத்தார்கள். காற்றை எதிர்த்துப் பறந்த விமானங்கள் ஊர்ந்தன. காற்றோடு பறந்தவை குறியைத் தாண்டிப் போயின. ஜப்பானியர்களோ அதே காற்றை நம்பி, குண்டு கட்டிய காகிதப் பலூன்களை ஆயிரக்கணக்கில் பசிபிக் கடலுக்கு மேல் அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்று 1945 மே மாதம் ஆரிகன் மாநிலக் காட்டில் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஐவர் உங்கள் வயதுச் சிறுவர் சிறுமியர்.

நூல் காட்டிய வழி என்னவாயிற்று?

காற்றே வீசவில்லை என்று வைத்துக்கொண்டால், 12,380 கி.மீ. பெருவட்டப் பாதையை 900 கி.மீ. வேகத்தில் 13¾ மணியில் கடந்துவிடலாம். மற்ற இரண்டையும்விடக் குறைவு. பின் ஏன் 2016இல் அதன் வழியே போகவில்லை?

முதல் தடை இமயமும் திபெத்தும். விமான அறையின் காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டால், விமானி உடனே 3 கி.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். பயணிகளின் முகமூடிக்கு வரும் ஆக்சிஜன் சில நிமிடங்களுக்கே போதும். திபெத்திலோ தரையே 4½ கி.மீ. உயரத்தில் இருக்கிறது! எங்கே இறங்குவது? அதைத் தாண்டினால் ஆர்க்டிக். விமான எரிபொருள் –47 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். துருவப் பகுதியின் மேல்வானம் அதைவிடக் குளிர்ந்து போவதுண்டு. இயந்திரக் கோளாறு என்றால் அவசரமாக இறங்க விமான நிலையங்கள் அங்கே மிகக் குறைவு. செய்தித் தொடர்புக்கான செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்பவை. துருவத்தின் பக்கம் போகப் போக அவை அடிவானத்தில் தாழ்ந்து, கடைசியில் மறைந்தே போகும். ஆகவே இவ்வழியில் பறக்கத் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் வேண்டும். முடியாதது என்றல்ல. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வாலின் தலைமையில் பெண் விமானிகளே இயக்கிய ஏர் இந்தியா விமானம் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் வழியாகப் பெங்களூர் வந்து இறங்கியது. அவ்விரு நகரங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 14,000 கி.மீ.

நாடுகளின் எல்லைகளும் குறுக்கிடுகின்றன. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபின் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்கள் ரஷ்யாவின் வான்வெளியில் பறக்க முடியாமற் போயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே அமெரிக்காவுக்குப் போகும் விமானங்கள் சில, ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது.

எரிபொருள்தான் உண்மையில் இந்தக் கணக்குகளின் உயிர்நாடி. 777 போன்ற விமானம் மணிக்கு ஏறத்தாழ 7 டன் எரிபொருளைக் குடிக்கிறது. ஒன்றரை மணி நேரம் மிச்சம் என்றால் பத்து டன் மிச்சம். எதிர்க்காற்று பலமாக வீசும் என்று வானிலை அறிக்கை சொன்னால் கூடுதல் எரிபொருள் ஏற்ற வேண்டும். அந்த எடையைத் தூக்கிச் செல்லவே மேலும் எரிபொருள் செலவாகும். எடை எல்லை மீறினால் சில இருக்கைகளைக் காலியாக விட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆகவே நிறுவனத்தின் பாதை வகுப்பாளர்கள் ஒவ்வொரு நாளும், அன்றைய காற்றுப் படத்தை வைத்துக்கொண்டு, எது குறைந்த நேரம் பிடிக்கும் வழி என்று கணினியில் புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள். நேற்றுப் போன பாதையில் இன்று போவதில்லை.

இறுதியாகக் கடிகாரக் கணக்கு. அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ நம்மைவிட 12½ மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஞாயிறு அதிகாலை 4 மணிக்குத் தில்லியில் கிளம்பி 14½ மணி நேரம் பறந்தால் நம் நேரம் ஞாயிறு மாலை 6½. அதில் 12½ கழித்தால் அங்கே ஞாயிறு காலை 6 மணி! கிளம்பிய நாளிலேயே, இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது போலத் தோன்றும். நடுவில் பயணி பார்ப்பதோ இன்னும் வேடிக்கை. ஞாயிறன்று சூரியன் உதிக்கிறது; வேகமாக அஸ்தமிக்கிறது; பசிபிக் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டியதும் நாள்காட்டி சனிக்கிழமைக்குத் திரும்புகிறது; இரவு கழிந்ததும் இரண்டாம் முறையாக ஞாயிறு பிறக்கிறது. தில்லிக்குத் திரும்பும்போதும் பின்காற்றை விடாமல், அட்லாண்டிக் வழியாகக் கிழக்கேயே வந்தால், அவர் எல்லாத் தீர்க்கரேகைகளையும் கடந்து உலகையே சுற்றிவிட்டார். ஆனால் பறந்த தூரம் 29,200 கி.மீ. தான். பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. ஆயிற்றே, மீதி எங்கே போயிற்று? உருண்டையும் நூலும் மேசைமேல்தானே இருக்கின்றன, பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கும் உங்களுக்காக. மேற்கு வழியில் அதே 24 கி.மீ. எதிர்க்காற்று வீசும் ஒரு நாளில், பசிபிக் வழியில் பின்காற்று குறைந்தது எத்தனை கி.மீ. வேகத்தில் வீசினால் இரு வழிகளுக்கும் ஒரே நேரம் பிடிக்கும்? விடை 64 கி.மீ.க்கு அருகில் வரவேண்டும். கோடையில் ஜெட் காற்று தளரும் ஒரு நாளில் பின்காற்று அதற்கும் கீழே இறங்கிவிட்டால், அன்று விமானியை எந்தப் பக்கம் அனுப்புவீர்கள்?